துருப்பிடிக்காத ஆறு போல்ட்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சூடாகும். வயிறு அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் எவளாவது என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கிவிட்டால், வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். "என்னாடி, காது செவந்து கெடக்கு? இன்னிக்கி யாரு?" என்பாள். கல்லூரியில் மூன்றாம் வருஷம் முழுக்க நான் காதை மறைத்துத் தலை வாரிக்கொண்டதற்குக் காரணம் ஒரே ஒருத்தி. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவள். அவளை இங்கே 'அவள்' என்றே எழுதப்போகிறேன். அந்த வருஷம் என் மண்டைக்குள் 'அவள்' என்று ஓடினாலே அது அவள்தான், வேறு யாரும் இல்லை.

சிதம்பரத்தில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் சண்டை ரோபோ செய்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேவல் சண்டை மாதிரிதான், சேவலுக்குப் பதில் மெஷின். ஒரு கூண்டுக்குள் இரண்டு மெஷின்களை விடுவார்கள். நாம் ரிமோட்டோடு வெளியே நிற்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்குள் ஒன்றை ஒன்று இடித்து, கவிழ்த்து, முடிந்தால் உடைக்க வேண்டும். எங்கள் பிரிவில் எடை பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. இருபது கிராம் கூடினாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் நாங்கள் மூன்றே பேர். கேப்டன் வடலூர்க்காரன். மெஷினை ஓட்டுவது அவன் வேலை, எல்லோரையும் திட்டுவதும் அவன் வேலை. வயரிங் பார்த்தவன் அண்ணாகிராமத்துக்காரன். பலா சீசனில் ஊரிலிருந்து வந்தான் என்றால் அவன் தொட்ட ஸ்பானர் எல்லாம் பிசுபிசுக்கும். மூன்றாவது ஆள் நான். கடலூர் பழைய டவுன். ஓ.டி. என்றுதான் நாங்கள் சொல்வோம். எந்தப் பாகத்தை எந்தச் சாமானில் செய்வது, அதை எங்கே தேடிப்பிடிப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அப்பா துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜின் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். நான் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தம் எப்போதும் என் பையில் இருக்கும். பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டைப் பார்த்தால் முதலில் காந்தத்தை வைப்பேன். அப்புறம் அரத்தால் ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் கடினமான சரக்கு, கடித்தால் மெதுவான சரக்கு. அலுமினியமாக இருந்தால் விரலால் சுண்டிப் பார்ப்பேன். பையன்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கடைசியில் கேப்டன் என் முகத்தைப் பார்த்து, "இது போதுமா?" என்பான்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அந்த டீமில் இருந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். வகுப்பில் நான் நடுத்தரம். மேடையில் பேச வராது. மெஷின் ஓட்டத் தெரியாது. ஆனால் சாமான் என்று வந்துவிட்டால் என்னைக் கேட்காமல் ஒரு வாஷர்கூட உள்ளே போகாது.

எங்கள் முதல் மெஷினுக்கு நான் தேர்ந்தெடுத்ததை எல்லாம் இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். அடித்தட்டுக்கு ஒரு பஸ் பாடி கட்டுகிற இடத்தில் மிஞ்சிய அலுமினியத் தகடு. பக்கச் சுவருக்கு, மீன் மார்க்கெட்டில் வெட்டுகிற அக்காமார்கள் போட்டுக்கொள்கிற வெள்ளை பிளாஸ்டிக் பலகை. வஞ்சிரத் தலையை எத்தனை போடு போட்டாலும் அது பிளக்காது, அடியை வாங்கிக்கொண்டு திரும்ப நிமிரும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததால் எனக்குத் தோன்றியது. வேறு எந்த டீமும் அதை யோசித்திருக்காது. ஆயுதத்துக்கு லாரி பட்டைத் தகடு, அதாவது லாரியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை. அதை கேஸ் நெருப்பு வைத்து வெட்டினோம். போட்டியில் இரண்டாவது அடியிலேயே பட்டை வாழை இலை மாதிரி வளைந்துவிட்டது. முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். ஆனாலும் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அடுத்த வருஷம் அவள் வந்தாள்.

எலெக்ட்ரிக்கல் பிரிவு. மோட்டார் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும் என்று அண்ணாகிராமத்தான்தான் கூட்டிவந்தான். கறுப்புத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் பின் குத்திக்கொண்டு, கையில் ஒரு நீள நோட்டோடு வந்தாள். வந்த அன்றைக்கே எங்கள் பழைய மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டை ஏன் வளைஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

"அடி ஜாஸ்தி. அதான்" என்றேன்.

"இல்ல, லாரிய தாங்குற பட்டை இந்த அடிக்கு ஏன் வளையணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். கேஸ் வெட்டின் சூடு பட்ட இடத்தில் அந்தப் பட்டையின் விறைப்பு போய்விடுமாம். சூடு காட்டாமல் வெட்ட வேண்டுமாம். கேப்டன் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை, சும்மா பார்த்தான். எனக்குத்தான் காது சுட்டது.

அவளுடைய முறையே வேறு. அவளிடம் காந்தமோ அரமோ கிடையாது. வீட்டில் அவள் உம்மா பலகாரம் செய்ய வைத்திருந்த சின்ன எலெக்ட்ரானிக் தராசை எடுத்துவந்திருந்தாள். அதில் எல்லாவற்றையும் நிறுத்தாள். மோட்டார், பேட்டரி, வயர், வயரைக் கட்டுகிற டேக், எல்லாவற்றையும். நோட்டில் ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் 'ஏன்' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு சாமானுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். நான் வைத்த தடித்த சக்கர ராடுக்கு நேராக அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. "இது இவ்ளோ தடிமன் ஏன்?" என்று கேட்டாள். "பலமா இருக்கட்டும்னுதான்" என்றேன். எழுதிக்கொண்டாள். மறுவாரம் அந்த ராடு பாதித் தடிமனாக ஆகியிருந்தது. அப்படியே அங்கே இங்கே சுரண்டி அறுநூறு கிராம் மிச்சப்படுத்தி, அத்தனையையும் ஆயுதத்தில் கொண்டுபோய் வைத்தாள். மெஷின் நிஜமாகவே நன்றாக ஆனது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆயுதத்துக்கு இந்த முறை வட்டத் தட்டு என்று முடிவானது. அதற்கான இரும்பையும் அவளே கண்டுபிடித்தாள். புவனகிரி போகிற வழியில் ஜேசிபி ரிப்பேர் செய்கிற ஒரு இடம். மண் அள்ளுகிற வாளியின் உதட்டில் தேயாமல் இருக்க ஒரு தகடு வைத்துப் பற்ற வைப்பார்கள். அதில் வெட்டி மிஞ்சிய துண்டு. என் அரத்தை அதில் போட்டால் கண்ணாடியில் போட்ட மாதிரி வழுக்கியது. புதுச்சேரியில் தண்ணீரைப் பீய்ச்சி வெட்டுகிற இடத்தில் கொடுத்து, சூடே படாமல் வட்டமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். அவளும் கேப்டனும் போய்வந்தார்கள். எனக்கு அன்றைக்கு லேப் தேர்வு. வேண்டுமென்றே அந்த நாளைப் பார்த்துப் போனார்கள் என்று ஒரு வாரம் நம்பினேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வாரா வாரம் ஊரிலிருந்து தம்ரூட் என்கிற ரவை இனிப்பு கொண்டுவருவாள். ஓரத்துத் துண்டு முறுகலாக இருக்கும் என்று அதை எனக்கென்று தனியே எடுத்துவைப்பாள். நான் தின்றுகொண்டே அவளை வெறுத்தேன். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தக் காந்த வித்தய எனக்கும் சொல்லித் தாயேன்டி. நோட்டுல அதெல்லாம் வர மாட்டேங்குது" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நல்ல எவர்சில்வர் என்றால் காந்தம் ஒட்டாது, எங்கேயாவது லேசாக இழுத்துவிட்டு விட்டுவிடும். இரும்பு என்றால் 'டக்'கென்று கவ்வும். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே பையன்களிடம், "இவகிட்ட நெறய இருக்கு கத்துக்க" என்று என் எதிரிலேயே சொன்னாள். பாராட்டு வாங்கினால் மனசு குளிர வேண்டும். எனக்கு எரிந்தது. என்னைப் பாராட்டுகிற இடத்துக்கு இவள் எப்போது வந்தாள்?

நடுவில் அந்தக் கேள்வியும் இடம் மாறிவிட்டது. கேப்டன் ஒரு சாமானைக் கையில் எடுத்து, "இது போதுமா?" என்று இப்போது அவள் பக்கம் திரும்பிக் கேட்டான். அவன் திரும்புகிறான் என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைசியில் போல்ட்டில் வந்து முட்டிக்கொண்டோம்.

அந்தத் தட்டை மோட்டார் சுற்றுகிற நடுக் குடத்தோடு, அதாவது ஹப்போடு, சேர்த்து ஆறு போல்ட் பிடித்துக்கொள்ள வேண்டும். மெஷினிலேயே முக்கியமான ஆறு போல்ட். எஸ்.எஸ். போடலாம் என்றேன். எவர்சில்வரைத்தான் துறைமுகத்தில் எஸ்.எஸ். என்போம். எங்கள் பட்டறையில் அதற்கு மேல் ஒரு சாமான் கிடையாது. கடல் தண்ணீர் எதையும் விட்டுவைக்காது. இரும்பு போல்ட்டைப் போட்டால் அடுத்த மழைக்குள் தலை கரைந்து ஸ்பானர் பிடிக்காது. ஒரு சாமான் நல்லது என்று அப்பா சொன்னால் அது துருப்பிடிக்காது என்று அர்த்தம். கெட்டது என்றால் துருப்பிடிக்கும். நல்லது கெட்டதுக்கு வேறு அளவுகோல் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அவள் கறுப்பு ஆலன் போல்ட் போடலாம் என்றாள். தலையில் 12.9 என்று பலத்துக்கான எண் குத்தியிருக்குமே, அது.

"அது துரு புடிக்கும்" என்றேன்.

"புடிக்கட்டுமே."

"புடிக்கட்டுமேவா?"

"மூணு நிமிசம் சண்ட போடப்போற மெஷினுக்கு முப்பது வருசம் தாங்குற போல்ட் எதுக்குடி? எஸ்.எஸ். துரு புடிக்காது, ஆனா இந்தக் கறுப்பு தாங்குறதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் தாங்கும். நாம என்னா கடலுக்கா போறோம்?"

அண்ணாகிராமத்தான் சிரித்தான். கேப்டனும் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள், கேலியாக இல்லை, நானும் சிரிப்பேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. நாம் கடலுக்கா போகிறோம் என்ற வார்த்தை எங்கள் பட்டறையையே பார்த்துச் சொன்னது மாதிரி இருந்தது. அப்பாவின் கையில் கிரீஸ் நிறத்தில் இறங்கிப்போயிருக்கும் கோடுகளைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருந்தது. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று அப்போதே தெரியும். தெரிந்தால் மட்டும் பொறாமை அடங்கிவிடுமா?

கறுப்பு போல்ட் என்று முடிவானது. பூட்டுகிற வேலை மட்டும் என்னுடையது.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய்விட்டு வரும்போது, பட்டறை டப்பாவிலிருந்து அதே அளவில் ஆறு எஸ்.எஸ். ஆலன் போல்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டுகிற வரைக்கும் பைக்குள் கையை விட்டு அவற்றை உருட்டிக்கொண்டே வந்தேன். மெஷினைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிவைக்கிறேன். என் எண்ணமெல்லாம் ஒன்றுதான். எஸ்.எஸ். போல்ட்டைப் போட்டு மெஷினை ஓட்டிக் காட்டுவது. தட்டு நன்றாகச் சுற்றி, அடித்து, எல்லோரும் கை தட்டி முடித்த பிறகு, துணியால் ஒரு தலையைத் துடைத்துக் காட்டி, "பாருங்க, எது தாங்குச்சுன்னு" என்று சொல்வது. அந்த வசனத்தை பஸ்ஸில் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் எப்படி மாறும் என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, கல்லூரியில் நாங்கள் மெஷின் கட்டுகிற ஷெட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஆறையும் பூட்டினேன். கறுப்பு ஆறையும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பளபளப்பு காட்டிக் கொடுத்துவிடும் என்று தட்டோடு சேர்த்துப் போல்ட் தலைகளுக்கும் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். கேப்டன் வந்து பார்த்துவிட்டு, "கலர்லாம் அடிச்சிருக்க, சூப்பர்" என்றான்.

கல்லூரிக்குப் பின்புறம் உபயோகத்தில் இல்லாத ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி உண்டு. ஆள் உயரம். ஆயுதத்தைச் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குள்தான். மெஷினை உள்ளே இறக்கி, மேலே கனத்த பலகையை மூடி, நாங்கள் தள்ளி இருக்கிற சுவருக்குப் பின்னால் போய்விடுவோம். உள்ளே ஒரு மொபைலை வைத்து இன்னொரு மொபைலில் பார்ப்போம். அன்றைக்கு மத்தியானம் தொட்டிக்குள் ஒரு பழைய தண்ணீர் மோட்டாரின் கூட்டை நிறுத்தி வைத்தோம், அடித்துப் பார்க்க.

தட்டு சுற்ற ஆரம்பித்ததும் ஒரு சத்தம் ஏறியது. அப்படிச் சுத்தமான சத்தத்தை அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. "மச்சான்..." என்று அண்ணாகிராமத்தான் கேப்டன் தோளைப் பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினாள். நான் என் வசனத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

முதல் அடியைத் தாங்கியது. இரண்டாவது அடியில் 'டமால்' என்று ஒரு சத்தம், மொபைல் திரை கறுத்துவிட்டது. தொட்டியின் மூடியிலிருந்து புகை வந்தது.

போய்ப் பார்த்தபோது தட்டு கழன்று தொட்டிச் சுவரில் பாதி புதைந்து நின்றது. போகிற போக்கில் பேட்டரியைக் கிழித்திருந்தது. மணலைக் கொட்டிக் கொட்டி அணைத்தோம். இரண்டு மாதமாக அவள் தேடித் தேடித் தேர்ந்தெடுத்த மோட்டார் ஓரத்தில் கருகிக் கிடந்தது. போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை, அந்தச் சுவர் இருந்ததால். அந்தச் சுவர் இல்லாத ஒரு மத்தியானத்தை நான் இன்றைக்கும் சில சமயம் நினைத்துப் பார்த்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கிறேன்.

புகை அடங்கியதும் அவள் தொட்டிக்குள் இறங்கினாள். அறுந்து கிடந்த போல்ட் துண்டுகளைப் பொறுக்கினாள். ஒரு துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்த்து, "உன் காந்தத்தக் குடுடி" என்றாள்.

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய முடியும்? நான் சொல்லிக் கொடுத்த வித்தைதான்.

காந்தத்தை அந்தத் துண்டின் மேல் வைத்தாள். லேசாக இழுத்தது, எடுத்தபோது துண்டு கீழே விழுந்துவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடியும் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் இரண்டு காதும் தீப்பிடித்த மாதிரி இருந்தது. அவள் அந்தத் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"என்னா ஆச்சு?" என்று மேலேயிருந்து கேப்டன் கத்தினான்.

"போல்ட்டு அறுந்துடுச்சு" என்றாள். கையைத் திறக்கவில்லை.

கேப்டன் அவள் மேல் கொதித்துப்போனான். "இதுக்குத்தான் உன் கணக்கா? நோட்டு நோட்டா எழுதுனியே? அப்பவே அவ எஸ்.எஸ். போடலாம்னு சொன்னா. சிரிச்சோம். இனிமே போல்ட்டு விசயம் எல்லாம் அவளே பாத்துக்கட்டும்." என் பக்கம் திரும்பினான். "எது போட்டா போதும், நீ சொல்லு."

எத்தனை மாதமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்! அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டான். நான் சிந்திக் கிடந்த மணலைக் காலால் ஒதுக்கினேன். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஒழிந்தேன். சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் காந்தத்தை எடுப்பதற்கு முன்பே ஊரைக் கூட்டியிருப்பேன். இவளால் மட்டும் எப்படி முடிகிறது?

சாயங்காலம் அண்ணாகிராமத்தான் ஒரு பொட்டலத்தோடு வந்தான். "கண்ணுதான் மச்சான். வேற ஒண்ணும் இல்ல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. மெஷின் அவ்ளோ அழகா இருந்துச்சு, பட்டுடுச்சு. சுத்திப் போட்ருவோம்." பொட்டலத்தில் காய்ந்த மிளகாய், கல் உப்பு, கடுகு.

கேப்டனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் மனசு உடைந்துபோயிருந்தவன், "என்னமோ பண்ணு" என்றான்.

"எங்க வீட்லயும் மொளகா சுத்துவாங்க" என்றாள் அவள். சத்தமில்லாத குரல். "உம்மா ஓதியும் ஊதுவாங்க."

கருகிய மெஷினைத் தூக்கி வந்து ஷெட் வாசலில் வைத்தோம். அண்ணாகிராமத்தான் பழைய பெயிண்ட் டப்பாவில் தேங்காய் மட்டையைப் போட்டு நெருப்பு மூட்டினான். பிறகு, "மெஷினப் பாத்தவங்க எல்லார் காலடி மண்ணும் வேணும். யாரு கண்ணுன்னு தெரியாது இல்ல" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தான். கேப்டன் காலடியில் எடுத்தான். அவள் காலடிக்கு வந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள், அவன் எடுக்க வசதியாக. மூன்று மாதமாக ராவும் பகலும் அந்த மெஷினைக் கட்டியவள் காலடி மண்ணையும் சந்தேகத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தான். 

அடுத்து என்னிடம் வந்தான்.

"அதெல்லாம் கொட்டிடு" என்றேன். "என்னோடது மட்டும் போதும்."

குனிந்து நானே என் காலடி மண்ணை அள்ளினேன், சிட்டிகை இல்லை, கை நிறைய. எழுந்து நின்று சொன்னேன். எஸ்.எஸ். போல்ட்டை ஊரிலிருந்து கொண்டுவந்ததைச் சொன்னேன். பெயிண்ட் அடித்ததைச் சொன்னேன். பையிலிருந்து கறுப்பு ஆறையும் எடுத்துக் கேப்டன் கையில் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று அவன் கேட்டபோது, "பொறாம" என்றேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் அந்த இடத்தில் வரவில்லை.

கேப்டன் கையில் இருந்த ஸ்பானரைத் தரையில் வீசிவிட்டுப் போய்விட்டான். என்னோடு பேச அவனுக்குப் பத்து நாளானது. அண்ணாகிராமத்தான் என்ன செய்வது என்று தெரியாமல், மிளகாயையும் என் கையிலிருந்த மண்ணையும் சேர்த்து மெஷினுக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டான். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் யாருக்கும் நெடி ஏறவில்லை. "பாத்தியா, கமறவே இல்ல. கண்ணுதான்" என்றான் பாவம், இத்தனைக்கும் பிறகு.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மூடியிருந்த கையைத் திறந்து அந்தத் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ சொல்றியான்னு பாத்தேன். நாளைக்கிக் காலையில வரைக்கும் டைம் வச்சிருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நானே சொல்லிருப்பேன். விட்ருப்பேன்னு நெனச்சியா? அந்த மோட்டாரு எங்க வாப்பா மலேசியாவுலேர்ந்து கையில தூக்கினு வந்தது" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததைப் பார்த்தேன். எனக்காக இல்லை, மோட்டாருக்காக.

மறுநாள் தொட்டியையும் ஷெட்டையும் கூட்டிக் கழுவினேன். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். மோட்டாரின் கம்பிச் சுருளை மறுபடி சுற்றி மீட்க முடியுமா என்று அவளும் அண்ணாகிராமத்தானும் உட்கார்ந்து பிரித்தார்கள். முடிந்தது. தட்டு அப்படியே பிழைத்திருந்தது. மீன் மார்க்கெட் பலகையும் பிழைத்திருந்தது, ஒரே ஒரு கீறல். கேப்டன் கையில் கொடுத்த கறுப்பு ஆறில் இரண்டு அந்தக் கோபத்தில் எங்கோ தொலைந்திருந்தது. ஒரே செட்டாக ஆறையும் புதிதாக வாங்க வேண்டும். கடலூரில்தான் நல்ல சரக்கு கிடைக்கும். "நானும் வரேன்" என்றாள் அவள். சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் போனோம். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோடு வந்தபோது மட்டும், "உம்மா உன்னய ஒரு நாளு கூட்டினு வரச் சொன்னாங்க" என்றாள்.

போல்ட் கடைக்காரர் எனக்குப் பாவாடை சட்டை காலத்திலிருந்து தெரிந்தவர். அப்பா கணக்கில் நான் வாங்கிப்போகாத சாமான் அந்தக் கடையில் கிடையாது. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வழக்கம்போல என்னைப் பார்த்ததும் எஸ்.எஸ். டப்பாவை இழுத்துவிட்டார்.

"என்னாம்மா, எப்பவும் வாங்குற அளவா? இதுல எது குடுத்தா போதும், சொல்லு."

அவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது அவள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். இருந்தும் திரும்பவில்லை. அது என் கடை, என் ஊர், என்னிடம் கேட்ட கேள்வி. கறுப்பு போல்ட், தலையில் 12.9 குத்தினது, ஆறு என்று எனக்கே சொல்லத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

"இவளக் கேளுங்கண்ணே" என்றேன். "இவதான் பாக்குறா."

காது சுட்டது. முடியை எடுத்துப் பின்னால் ஒதுக்கிவிட்டேன், சுடட்டும் என்று.